முப்பத்தேழு படங்களும் ஒரு கையும்

ரோக்சான் பூட்லியருக்கு நாற்பத்தெட்டு வயது. துறைமுக நகரமான ஹாலிஃபாக்ஸில் இருபத்திரண்டு வருடமாக ஒரே தடத்தில் பேருந்து ஓட்டுகிறாள். இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஆனால் கடைச் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி ‘இதைப் போடு’ என்று சொல்ல மனம் வரவில்லை. தன் கையில் இருக்கப்போவதைத் தானே வரைய வேண்டும். மற்ற எதிலும் அவள் அவ்வளவு பிடிவாதக்காரி இல்லை.

கடைசி நிறுத்தத்தில் வண்டி பன்னிரண்டு நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு கறுப்பு நோட்டில் வரைவாள். சிப்ஸ் பொட்டலத்தைத் திருடும் காகம், துறைமுகத்து இழுவைப் படகு, பாலம், முன்வாசல் வழியாக ஏறும் மூன்று கால் நாய், பூத்த லைலாக் கிளை. எல்லாம் அவள் வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தவை. இரண்டு வருடத்தில் முப்பத்தாறு படங்கள் சேர்ந்தன.

அவள் கணவன் கோர்டி, கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிறு காலை மீன் கேக்கைத் தின்றபடியே நோட்டைப் புரட்டினான்.

“இதுல என் மூஞ்சி எங்க?”

“அதத்தான் தினம் பாக்குறேனே. கைலயும் வேணுமா?”

“சரி, ஒரு டொனேராவது போடு. உன் கையப் பிடிக்கும்போது எனக்குப் பசிக்கட்டும்.”

சாஸ் வழியும் அந்த ரொட்டிச் சுருளையும் வரைந்தாள். அதுதான் முப்பத்தேழாவது.

பச்சை குத்தும் ஜோலீன் அரை மணி நேரம் நோட்டைப் பார்த்தாள். முப்பது வயதுக்காரி, குறைவாகப் பேசுகிறவள்.

“எல்லாமே நல்லாருக்கு ரோக்சான். அதான் சிக்கல். உங்களுக்கு எத்தன கை?”

“என்ன கேள்வி இது?”

“ஒரு கைல எட்டு நிக்கும், ஒம்பது நிக்கும். எல்லாத்தையும் திணிச்சா, தூரத்துலேர்ந்து பாக்குறவங்களுக்குக் கரி பூசுன மாதிரி தெரியும். எது வேணாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அத நான் செய்ய மாட்டேன்.”

மூன்று வாரம் முயன்றாள். இன்று இரண்டை அடிப்பாள், நாளை மூன்றைச் சேர்ப்பாள். மார்ச் இரண்டாம் வாரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பட்டியலில் இன்னும் முப்பத்தைந்து மிச்சம்.

அப்போதுதான் நோட்டு தொலைந்தது. வண்டிக் கதவு மூட மறுத்ததால் பாதி வழியில் வேறு வண்டிக்கு மாறினாள். நோட்டைப் பழைய வண்டியிலேயே வைத்துவிட்டாள். பணிமனையில் கேட்டால் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். கோர்டி தானே போய், ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் தவழ்ந்து தேடிவிட்டு வந்தான்.

“ஒத்தக் கையுறை கெடச்சுது. யாரோடதோ.”

ரோக்சான் சமையலறை மேசையில் கையைப் பரப்பி வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். கோர்டி இழுப்பறையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து அவள் முன்னால் உருட்டிவிட்டான்.

“கழுவுனா போயிடும். ஞாபகத்துல வர்றத வரஞ்சு பாரேன்.”

வரைந்தாள். முதலில் நாய். அதன் பிறகு காகம், படகு, பாலம். எட்டாத இடத்தில் அவள் சொல்லச்சொல்ல அவன் வரைந்தான். அவன் வரைந்த கடற்பறவை செருப்பு போல இருந்தது. இருவரும் சிரித்ததில் இன்னும் கோணலாயிற்று. எட்டுப் படம் வந்தது. ஒன்பதாவதுக்காகக் காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. எழுந்து கண்ணாடி முன் நின்றாள். படங்களுக்கு நடுவே இடம் இருந்தது. மூன்று வாரமாக அடித்து அடித்துத் தேடியது இதைத்தான் என்று பட்டது.

மறுநாள், கழுவும் முன் கையை எடுத்த புகைப்படங்களோடு ஜோலீனிடம் போனாள். ஜோலீன் அவற்றையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நாய் பின்னாடி பாக்குது. நீங்க போற பக்கமே அதுவும் போகட்டும், திருப்பிடுவோம். பாலம் முழங்கைல வேணாம், கைய மடக்குனா ஒடஞ்ச மாதிரி தெரியும். கீழ்க்கைல நீளவாக்குல போடுவோம். இந்தக் காலி எடமெல்லாம் என்ன?”

“மூடுபனி. காலைல துறைமுகமே தெரியாதே, அது.”

“அப்ப அதுக்கு மை எதுக்கு? உங்க தோலே போதும்.”

குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் பணிமனையிலிருந்து கூப்பிட்டார்கள். பயணி ஒருத்தி தன் பேரனுடையது என்று நினைத்து நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், இப்போது திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நோட்டைத் திறக்க ரோக்சானுக்குப் பயமாக இருந்தது. திறந்தாள். மறந்துபோன படங்கள் ஒவ்வொன்றாக வந்தன, அழகாகத்தான் இருந்தன. எதற்கும் மனம் அசையவில்லை, லைலாக் கிளையைத் தவிர. அதை எப்படி மறந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. உடனே ஜோலீனைக் கூப்பிட்டாள்.

ஜோலீன் பெருமூச்சு விட்டாள். “ஒண்ணே ஒண்ணு. முழங்கைக்குப் பின்னாடி வைக்கலாம். அதுக்கு மேல கேட்டீங்கன்னா ஃபோன வச்சிடுவேன்.”

கோர்டி எட்டிப் பார்த்தான். “டொனேர் வரலியா?”

“அத உன் கைல போட்டுக்க.”

முதல் நாள் கோடுகள் மட்டும். ஐந்து மணி நேரம். படங்களின் ஊதா மை அச்சைத் தோலில் ஒட்டிப் பார்த்து, பிடிக்காமல் துடைத்து, மூன்றாவது முறைதான் ஜோலீன் ஊசியை எடுத்தாள். முழங்கையின் உள்பக்கம் வந்தபோது ரோக்சான் கண்ணை மூடிக்கொண்டு தன் தடத்து நிறுத்தங்களின் பெயரை வரிசையாக முணுமுணுத்தாள். மனதுக்குள்ளேயே இரண்டு நடை போய் வந்தாள். கோர்டி பழச்சாற்று டப்பாவை அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஊசியைப் பார்க்க முடியாமல் பாதி நேரம் அவன் பார்வை கூரையில் இருந்தது.

நிழல் தீட்ட ஏப்ரலில் மீண்டும் வரச் சொன்னாள் ஜோலீன். புண் ஆறும்வரை பாதுகாக்க, கையில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் ஒட்டி அனுப்பினாள். காரில் வரும்போது ரோக்சான் குளிர்க்கோட்டைப் போடாமல் மடியில் வைத்திருந்தாள். வெளியே இன்னும் பனி கரையவில்லை.

“குளிரலையா?” என்றான் கோர்டி.

“குளிருது.”

அவன் ஹீட்டரைக் கூட்டினான். அவள் கையை வெளிச்சத்தில் நீட்டி, மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.