மல்லாட்டை பேட்ஜ்

திண்டிவனத்துக் கலைப்பிரியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். விழுப்புரத்தில் ஹேக்கர் மாநாடு நடத்தும் அறிவுச்செல்வன், "பேட்ஜை சென்னையிலயே செஞ்சிக்கலாமே" என்று இழுத்ததும், "அம்பதையும் என் கையாலயே சால்டர் பத்த வெச்சித் தர்றேங்க. ஒண்ணு மக்கர் பண்ணாலும் இந்தத் தொழிலையே உட்டுடறேன்" என்று சவால் விட்டுவிட்டாள். அடுத்த வருஷம் சென்னையில் நடக்கும் பெரிய மாநாட்டுக்கு ஐந்நூறு பேட்ஜ் வேண்டும். அதற்கு ஆள் தேட, அதை நடத்தும் ஹுமைரா மேடம் விழுப்புரம் மாநாட்டன்று மதியம் வருகிறார். அந்த வேலை கிடைத்தால், செல்போன் கடையில் நாளெல்லாம் டெம்பர் கிளாஸ் ஒட்டும் பிழைப்பு ஒழியும்.

பேட்ஜ் என்னவோ அழகுதான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வடிவம், ஓரமெல்லாம் குட்டி எல்.இ.டி., நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகச் செம்புத் தகடு. அதை விரலால் தொட்டால் பச்சை விளக்கு ஓடி வணக்கம் சொல்லும். பத்து விநாடி விரலை எடுக்காவிட்டால் சிவப்பாகி அலறும். கூட்டத்தில் யாராவது வம்பு செய்தால் உதவட்டுமே என்று அவளே யோசித்து வைத்தது.

மாநாடு தொடங்கியது. ஐம்பது பேரும் பேட்ஜை மாட்டிக்கொண்டு, பேட்டரிக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் துண்டை உருவினார்கள். பத்து விநாடி பச்சை விளக்கு ஓடியது. அப்புறம் ஐம்பதும் சேர்ந்து அலறின பாருங்கள், வாட்ச்மேன் தீ என்று நினைத்து மணல் வாளியோடு ஓடிவந்தார்.

கலைப்பிரியா அவசரமாகப் பையிலிருந்து லேப்டாப்பை உருவினாள். இந்த மாதிரி மாநாட்டு பேட்ஜுக்குள் புதிர் ஒளித்து வைப்பது வழக்கம் என்பதால் வந்தவர்களுக்கோ ஒரே குஷி. "முதல் புதிரே செமயா இருக்கே!" பேட்டரியைக் கழற்றினால் தோற்றதாகக் கணக்கு என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார்கள்.

"புதிரா இது?" அறிவுச்செல்வன் பல்லைக் கடித்தான்.

"ஆ... ஆமாங்க."

இரண்டரை மணி நேரம் புரோகிராமை வரி வரியாகப் படித்தாள். ஒரு தப்பும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஹுமைரா மேடம் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

பெட்டி தூக்க உதவிக்கு வந்த கலைப்பிரியாவின் அம்மா கிருஷ்ணவேணி, கடைசி வரிசையில் புளிசாதக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடுதலாகச் செய்த ஒரு பேட்ஜ் அவள் கழுத்திலும் அலறிக்கொண்டிருந்தது. "ச்சே, ஒரே பேஜாரா கீது" என்றபடி அதைத் திருப்பிப் பார்த்தவள், முந்தானையால் நடுவில் ஒரு தேய் தேய்த்தாள். அலறல் நின்றது.

ஐம்பது தலைகளும் திரும்பின. கலைப்பிரியா ஓடினாள். "மா! இன்னாமா பண்ண?"

"பொட்டு ஈஷிக்கினு கெடந்துச்சிடி. தொடச்சிட்டு வேற வெக்கலாம்னு..."

"எந்தப் பொட்டு?"

"காலையில நீ குளிக்கப் போனப்ப எல்லாத்துக்கும் வெச்சேன். புது சாமான பொட்டு வெக்காமலா வெளிய அனுப்புவாங்க? நீயே நடுவுல வட்டமா எடம் உட்டிருந்தியே!"

ஈரச் சந்தனமும் குங்குமமும், எடுக்காத விரலாகச் செம்பின்மேல் உட்கார்ந்திருந்திருக்கின்றன. கிரைண்டர், ஸ்கூட்டி, பீரோ என்று பிறந்ததிலிருந்து பொட்டைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அவளுக்கு மட்டுமா, அங்கே இருந்த அத்தனை அதிமேதாவிகளுக்கும் அதே கதிதான். ஐம்பது கைக்குட்டைகள் வெளியே வந்தன. அரங்கம் அடங்கியது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "புதிரெல்லாம் இல்லீங்க மேடம். தொடற எடத்த எங்க வெக்கிறதுன்னு நான்தான் சரியா யோசிக்கல" என்றாள்.

ஹுமைரா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அம்பது ஹேக்கர், ரெண்டரை மணி நேரம்! எங்க பேட்ஜ் புதிர் எதுவும் இவ்ளோ நேரம் தாக்குப் பிடிச்சதில்ல. அடுத்த வருஷம் நீங்களே செய்ங்க. தொடற எடத்த மட்டும் பின்னாடி கொண்டு போயிடுங்க."

"முன்னாடி வட்டம்?"

"அது அம்மாவுக்கு."

"எத்தினிடி?" என்றாள் கிருஷ்ணவேணி.

"ஐந்நூறுமா."

அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கி நீ கொஞ்சம் நிதானமா குளி."