ஆம்பளை வைத்த கொலு

போன வருஷம் எங்கள் வீட்டில் கொலு இல்லை. என் மனைவி பிரமு இறந்த வருஷம், தீட்டு. அதில் எனக்கு வாதம் கிடையாது. இந்த வருஷமும் வைக்க வேண்டாம் என்று கோமு வந்து நின்றபோதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

கோமு பிரமுவின் தங்கை. பாளையங்கோட்டையில் இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். இப்போதுதான் மகனுக்குக் கல்யாணம் முடித்திருக்கிறாள். அவள் வந்தபோது நான் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"பொம்பள இல்லாத வீட்டுல கொலு என்னத்துக்கு அத்தான்? பொம்மைய என்கிட்ட குடுங்க. மருமவ வைப்பா."

"நான் வைப்பேன்."

"வைப்பிய. தாம்பூலம் யாரு குடுப்பா? இங்க எவ வருவா?"

"சரஸ்வதி பூஜை அன்னைக்கு ஆட்டோ எடுத்துட்டு வா. தெருவுல ஒருத்தி கூட தாம்பூலம் வாங்கலைன்னா மொத்தத்தையும் ஏத்திட்டுப் போ."

"பேச்சு மாறப்பிடாது."

"பந்தயம்னா பந்தயம்தான், போ."

பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஏழு படி கட்டினேன். மேலே ஏறி நின்றாலும் ஆடாது. முதல் படியில் மரப்பாச்சி ஜோடி. பிரமு கல்யாணச் சீராகக் கொண்டு வந்தது. வேட்டியும் சேலையும் கட்டிவிட்டேன். சேலைக் கொசுவம் மூன்று தடவை அவிழ்ந்தது, நானும் விடவில்லை.

குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைத்தேன். எல்லாரும் சிரித்த முகமாக, "வாரோம் அண்ணாச்சி" என்றார்கள். ஒருத்தரும் வரவில்லை. நாலு நாள் சுண்டலை நானே தின்றேன். வயிறு கடமுடா என்றது. ஐந்தாம் நாள் காலையில் எதிர்வீட்டு ஆவுடையம்மாளிடமே கேட்டுவிட்டேன்.

"என்ன குத்தம் கண்டிய தங்கச்சி? வாரோம் வாரோம்னு எதுக்கு ஏமாத்துதிய?"

அவள் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். "கொலுவுக்கு வந்தா குங்குமம் வாங்காமத் திரும்பக் கூடாது. ஆம்பள கையால வாங்குனா ஊரு சும்மா இருக்குமா? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

நாலு நாளாக இது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மரப்பாச்சிக்கு முன்னால் பெரிய தாம்பாளம் வைத்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, வாழைப்பழம், நடுவில் குங்குமம். "நான் குடுக்கல. அம்பாள் முன்னால இருக்கு, அவங்கவங்க எடுத்துக்கிடுங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஆவுடையம்மாள் முதலில் வந்தாள். "சுண்டல்ல உப்பே இல்லையே அண்ணாச்சி, உப்புக்கும் ரேஷனா?" என்று கேட்டு, தாம்பூலத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் நாலு பேர். அதற்கு மறுநாள் கூடம் கொள்ளவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று கோமு அட்டைப்பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். உள்ளே பெண்கள் கூட்டம். தாம்பாளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது தாம்பூலமா அத்தான்? குடுக்க ஆள் இல்லாம, அவங்களே எடுத்துட்டுப் போறது? இது செல்லாது."

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். கொலுவைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும்.

அப்போது ஆவுடையம்மாள் எழுந்து தாம்பாளத்திடம் போனாள். உடனே கோமு அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள். புருஷன் போனதிலிருந்து எந்த வீட்டிலும் மற்றவர்கள் தாம்பூலம் வாங்கும் நேரத்தில் அவள் அப்படித்தான் ஒதுங்குவாள். பிரமுவே தங்கைக்கு வாழைப்பழத்தை மட்டும் அடுக்களையில் வைத்துத்தான் கொடுப்பாள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் நான்தான்.

நாற்காலியை விட்டு எழுந்து வாசலை மறித்து நின்றேன்.

"எங்க போற?"

"வழி விடுங்க அத்தான். எனக்கு எவ குடுப்பா?"

"இங்க யாருக்கும் யாரும் குடுக்கல. எடுக்கணும், அவ்வளவுதான். செல்லுமா செல்லாதான்னு நீயே எடுத்துப் பாத்துட்டுச் சொல்லு."

கோமு ஆவுடையம்மாளைப் பார்த்தாள். அவள் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டாள்.

கோமு குனிந்து வெற்றிலையை எடுத்தாள். பாக்கு எடுத்தாள். பூவை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குங்குமத்தில் விரலை வைத்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டு கொலுவையே பார்த்து நின்றாள்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கோமு வாசலுக்குப் போனாள்.

"நீங்க போங்கண்ணே. ஏத்துறதுக்கு ஒண்ணுமில்ல."