கியர் போட்டானா ஓமுர்சாக்?

1

இந்தக் கதை நாரின் மலைச்சாலைத் தேநீர்க் கடையொன்றில் என் காதில் விழுந்தது. பக்கத்து மேஜையில் ஒருத்தி, "கியர் போட்டியா இல்லியா?" என்றாள். எதிரே இருந்த லாரி டிரைவரின் முகம் வெளுத்தது. அந்த முகம் போதாதா எனக்கு?

முதல் வரி: 'மரணம் அன்று பத்துச் சக்கரங்களில்...'

(அடித்துவிட்டேன். காலை வெயில் அடிக்கிறது. யாரும் சாகவில்லை. இதுவரை.)

2

கணவாயிலிருந்து இறங்கிய டிரைவர் ஓமுர்சாக், கடைக்கு மேலே சரிவில் லாரியை நிறுத்தினான். லாரியின் மூக்கு கடையைப் பார்த்தது. சக்கரத்துக்கு முன்னால் கல்லை முட்டுக்கொடுத்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தான். குளிர்காலத்தில் இங்கே எல்லோரும் அப்படித்தான். இறக்கத்தில் சூடான பிரேக் ஈரத்தோடு உறைந்தால் சக்கரம் அசையாது. கல்லும் ரிவர்ஸ் கியரும்தான் காவல். ஆனால் சூடான எஞ்சினை நியூட்ரலில் சற்று ஓடவிட்டு அணைக்க வேண்டும். கியர் கடைசியில்.

அந்த இடைவெளியில் கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சீவினான். பெண் கேட்கப் போகிறவனாயிற்றே!

3

கடைக்காரி பர்மகான் தேநீர் ஊற்றினாள். [இவளை முதலில் அழுமூஞ்சியாக எழுதினேன். ஒத்துவரவில்லை.]

"என்ன டிரைவரே, மீசை பளபளக்குது? கிரீஸா?"

"கேலிய விடு, பர்மகான். என்னைக் கட்டிக்கிறியா?"

"என் பழைய புருஷன் எதையும் பாதியில விட்டுட்டுப் போற ஆளு. அடுப்பு, சண்டை, கடைசில நான். இன்னொருத்தன் அப்படி வேணாம்பா."

"நானா? எடுத்த வேலைய முடிக்காம நகரவே மாட்டேன்!"

"அப்படியா? சரிவுல நிக்குதே, கியர் போட்டியா இல்லியா?"

மீசை ஞாபகமிருந்தது. கியர் ஞாபகமில்லை. போய்ப் பார்த்தால் பெண் போச்சு. பார்க்காவிட்டால் கடையே போச்சு!

4

முடிவு ஒன்று: கல் நழுவுகிறது, லாரி சுவரைப் பிளந்துகொண்டு...

(வேண்டாம். அவள் உள்ளே இருக்கிறாள்.)

முடிவு இரண்டு:

"சிகரெட்ட லாரியில வெச்சுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

"வாயில இருக்கிறது என்னவாம்?"

லாரியை நோக்கி ஓடினான். கதவைத் திறந்தான். நியூட்ரல்! கிளட்சை மிதித்து ரிவர்ஸில் தள்ளினான். லாரி பிழைத்தது. யாரும் பார்க்கவில்லை. இறங்கித் திரும்பினால், கடை வாசலில் பர்மகான்.

"போட்டிருந்ததா?"

இங்கே பேனாவை வைக்கிறேன். பொய் சொன்னால் கல்யாணம் நிச்சயம். உண்மை சொன்னால் என்ன ஆகும், எனக்கே தெரியாது. அவனுக்குப் பதிலாக நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.