நெவாடா ஏரி ஃப்ரீமான்ட்டுக்கு வந்த விவரம்

கோடைப் பயணத்தின் திட்டத்தைப் பிப்ரவரியிலேயே போட்டுவிடுவது ஃப்ரீமான்ட்டில் வாழும் கருப்பசாமியின் வழக்கம். ஞாயிறு மதியங்களில் வாழைக்காய் பஜ்ஜியும் டீயுமாக ஐந்து குடும்பங்கள் அவர் வீட்டில் கூடும். யார் எந்த வேனில் ஏறுவது, யார் புளியோதரை கட்டுவது, யார் தயிர்சாதம் கொண்டுவருவது என்பதெல்லாம் அங்கேயே தீர்மானமாகும். போகும் இடம் மட்டும் மாறுவதில்லை. நெவாடா பாலைவனத்தில், மரமற்ற மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி கிடக்கிறது; கரையில் படகுத்துறையும் கூடாரம் அடிக்கும் மைதானமும் உண்டு. இந்த ஆண்டு அவர் திட்டம் போட உட்கார்ந்த அன்று, அந்த ஏரி அவர் வீட்டுக்கு வந்தது.

முதலில் கணுக்கால் அளவே வந்தது. தெளிந்த, இளஞ்சூடான நீர். அடியில் பழுப்பு மணல். அது சோபாவை நனைக்கவில்லை, உடுத்திய துணியையும் நனைக்கவில்லை. குழாய் பழுதுபார்ப்பவர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்து, கசிவு எதுவும் இல்லை, இது ஏரித் தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனார். கருப்பசாமியின் மனைவி வசந்தாமணி, “ஏனுங்க, அரிசி மூட்டைய மேல ஏத்தி வெச்சிரட்டுமா?” என்று கேட்டாள். “வெச்சிரு” என்றார் அவர். அதைப் பற்றி அந்த வீட்டில் பேசப்பட்டது அவ்வளவே. வருகிறவர்கள் எப்படியும் செருப்பை வாசலில் கழற்றுகிறவர்கள் என்பதால், அவர்களுக்கும் புதிதாகச் சிரமம் ஏற்படவில்லை.

கூடாரத்துக்கு இடம் கேட்டு அவர் ஏரி அலுவலகத்துக்குத் தொலைபேசினார். கூடார மைதானத்தை ஒட்டிய குடா நேற்று வற்றிவிட்டது, வேறு தேதியில் வேறு குடாவுக்கு முயலுங்கள் என்று அங்கிருந்தவர் பணிவாகச் சொன்னார். கருப்பசாமி வேறு தேதி குறித்தார். வீட்டில் நீர் முழங்காலுக்கு ஏறியது, அங்கே இரண்டாவது குடாவும் வற்றியது. தேதி குறிக்கும்போதெல்லாம் இப்படியே நடந்தது. மார்ச் முடிவதற்குள் சோபாவின் இருக்கை வரை நீர் நின்றது. அவருடைய மகள் கயல் மாடிப்படியில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். “அப்பா, ஜஸ்ட் கேன்சல் இட்” என்று ஒருமுறை சொன்னாள்.

இங்கே இன்னொரு செய்தியையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது வேனை எப்போதும் ஓட்டிய நவநீத், சென்ற ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஜூனில் மாரடைப்பால் இறந்துபோனார். பயணத்துக்கென இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கணவனின் எண் மட்டுமே இருந்தது. மனைவியரின் எண் தேவைப்படும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், இறந்தவரின் ஃபோனில் தயிர்சாதச் செய்திகள் வந்து விழக் கூடாது என்று எண்ணி, கருப்பசாமி அந்த எண்ணை நீக்கினார். இரக்கத்தால்தான் செய்தார். ஆனால் எண்ணோடு ஒரு வீடே வெளியேறியது. துக்க வீட்டை ஓராண்டுக்கு உல்லாசப் பயணத்துக்கு அழைப்பதில்லை. சென்ற கோடையில் மரியாதைக்காக ஒருவருமே போகவில்லை. ஆண்டு முடிந்த பின்போ, குழுவில் இல்லாத வீடு யார் நினைவுக்கும் வரவில்லை. நவநீத்தின் மனைவி எழிலரசி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். வேலைக்குப் போனாள், மௌரி அவென்யூ கடையில் கறிவேப்பிலை வாங்கினாள், எதிர்ப்பட்டால் தலையசைத்தாள். அமைதியாகிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, இடுப்பளவு நீரில் அமர்ந்து பஜ்ஜி தின்றபடி, ஐந்து குடும்பத்தாரில் ஒருவரான மயில்சாமி கேட்டார்: “செகண்ட் வேன் யாருங்ணா ஓட்டறது? நீங்க ரெண்டு வேனையும் ஓட்டுவீங்களா?”

வசந்தாமணி தட்டை வைத்துவிட்டு, “எழிலு ஓட்டுவாளே. அவளக் கேட்டீங்களா?” என்றாள்.

“அவங்க குரூப்ல இல்லயே” என்றார் மயில்சாமி.

“எடுத்தது யாருங்க?” என்று வசந்தாமணி கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

கருப்பசாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, இரண்டு தெரு நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினார். அடுத்த ஞாயிறு வரும்படி அழைத்தார். “எனக்கு மெசேஜ் வரலயேண்ணா” என்றாள் எழிலரசி.

ஆயினும் அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். தண்ணீருக்குள் இறங்கி, காலியாக இருந்த நாற்காலியில் அமர்ந்தாள். ஐந்து குடும்பத்தார் முன்னால் நடந்த பிழை என்பதால், அவர்கள் அனைவரும் இருக்கும்போதே கருப்பசாமி எழுந்து நின்றார்.

“எழிலு, நவநீத் நம்பர எடுத்தது நாந்தான். உன்னையக் கேட்டு உன் நம்பரப் போட்டிருக்கோணும். போடல. தப்பு என்னுதுதான்.”

“நீங்க எடுத்தப்ப அவரு ஃபோன் என் கையிலதான் இருந்துச்சு” என்றாள் அவள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. “ரிமூவ்டுன்னு வந்துச்சு. இன்னும் டெய்லி சார்ஜ் போடறேன்.”

நின்ற நிலையிலேயே அவர் நவநீத்தின் எண்ணையும் அவள் எண்ணையும் குழுவில் சேர்த்தார். பிறகு, அதுவரை எவரிடமும் கேட்டிராத கேள்வியை முதலில் அவளிடம் கேட்டார்: எந்தத் தேதியில் போகலாம்?

“ஜூன் வேண்டாம்ணா” என்றாள். “செப்டம்பர்ல போலாம். செகண்ட் வேன் நான் ஓட்டறேன்.”

“அப்ப நான் அதுல ஏறிக்கறேன்” என்றார் மயில்சாமி. “அண்ணன் வண்டில பாத்ரூமுக்குக்கூட நிறுத்த மாட்டாரு.”

கருப்பசாமி செப்டம்பர் என்று குறித்துக்கொண்டார். கருப்பசாமி செப்டம்பர் என்று குறித்துக்கொண்டார். மேசைக்கடியில் ஒரு மீன் எழிலரசியின் காலருகே திரும்பி நீந்திப் போக, அவள் அதற்கு வழிவிட்டுக் காலைச் சற்று நகர்த்திக்கொண்டாள்.