விரல் விரலாக ஒரு ஷூ

என் முழங்கால் இரண்டு முறை போனது. முதல் முறை கபடியில், அடுத்த முறை பைக்கிலிருந்து விழுந்து. இனி ஓடக் கூடாது, வேண்டுமானால் நடங்கள் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். விடிந்தால் திண்டுக்கல்லிலிருந்து பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் வரை ஓடி, டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புகிறவன் நான். ஓட்டம் நின்றதும் தொப்பை வந்தது, எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சலும் வரவில்லை. பள்ளிக்கூடம் போனேன், கணக்கு நடத்தினேன், வீட்டுக்கு வந்தேன். மகள் அனிஷா வகுப்பில் முதலாவதாக வந்த அன்றும் சரி என்று மட்டும் சொன்னேனாம். மனைவி ஏஞ்சலின் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

2008 கிறிஸ்துமஸுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் பிராங்கிளின் ஒரு ஷூ கொண்டுவந்தான். கையுறை மாதிரி விரலுக்கு விரல் தனித்தனிப் பை. அடியில் மெல்லிசு ரப்பர். வெறுங்காலில் ஓடுவது போலவே இருக்குமாம். குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் இறங்கினால் முழங்காலுக்கு அடி போகாதாம். குரங்குப் பாதம் என்று ஏஞ்சலின் சிரித்தாள். பிராங்கிளின் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னான்.

"கல்லு குத்தும் மச்சான். குத்துனா வேகத்தக் குறைச்சிருங்க. கால் சொல்றதக் கேட்டு ஓடணும், அம்புட்டுதான்."

எனக்குக் கல் குத்தவே இல்லை. முதலில் தெருமுனை வரை, பிறகு பைபாஸ் வரை, கடைசியில் ஜல்லி கொட்டிய பாதையிலும் சும்மா போனேன். பாதம் காய்ப்பு ஏறிவிட்டது என்று பள்ளிக்கூடம் பூராவும் பீற்றிக்கொண்டேன். முழங்கால் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் மாலை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தேன். மற்றது தெருவிலேயே கழன்று கிடந்தது, எனக்குத் தெரியவில்லை. ஏஞ்சலின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாமாவுக்கும் இப்பிடித்தான ஆரம்பிச்சுச்சு. ஒருக்க சர்க்கரை பாத்துட்டு வந்துருங்க."

மாமா என்றால் என் அப்பா ராயப்பராஜ். சர்க்கரையில் முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், அப்புறம் காலையே எடுத்தார்கள். ஓடுகிறவனுக்கு ஏது சர்க்கரை என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பார்க்கப் பயம், வேறென்ன.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், இன்றைக்கு ரெட்டியார்சத்திரத்தைத் தொட்டுவிடுவது என்று கிளம்பினேன். ரோடு முழுக்கப் பழனிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்கள். எல்லாம் வெறுங்கால். அவர்களை விலக்கி விலக்கி ஓடினேன். ஊர்ப் பலகை தெரிந்தபோதும் முழங்காலில் துளி வலி இல்லை. சந்தோஷம் இதோ வரும், இதோ வரும் என்று பார்த்தேன். வரவில்லை. டீக்கடையைத் தேடினேன்.

ரோட்டோரப் பந்தலில் யாத்திரைக்காரர்களை உட்காரவைத்து, பாதம் கழுவி, முள் எடுத்து, எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். அங்கிருந்த வெங்காய வியாபாரி பொன்னுத்துரை என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். என் கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. அதையெல்லாம் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"செத்த நேரம் உக்காருங்க சாமி. கால்ல ரத்தம் வருது."

திரும்பிப் பார்த்தேன். தார் ரோட்டில் கண்ணுக்கெட்டின தூரம் வரை ஒற்றைக் கால் தடம் சிவப்பாக வந்திருந்தது.

அவர் ஷூவை உருவினார். ரப்பரைத் துளைத்து ஏறிய பாட்டில் கண்ணாடி ஒடிந்து, ஒரு துண்டு கட்டைவிரலுக்குக் கீழே உள்ளேயே நின்றது. எங்கே குத்தியது என்று கேட்டார். தெரியாது என்றேன். பந்தலில் இருந்தவர்கள் என் காலை விட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது.

"பல்லக் கடிச்சுக்கங்க, எடுக்கப் போறேன்," என்றார்.

கண்களை இறுக மூடிக்கொண்டேன். மாதாவே, இந்த ஒரு தடவை வலித்துவிட வேண்டும் என்று வேண்டினேன். காத்திருந்தேன்.

"வலிக்குது, மெதுவா," என்றேன்.

"நான் இன்னும் கையே வைக்கல சாமி," என்றார் பொன்னுத்துரை.