கடைசிப் பத்து ஜிபி

மாமனார் மருமகளோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. காரணம் ஒரு ஹார்டு டிஸ்க்.

டிஸ்க்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பவள் மருமகள். மாமனாரோ முப்பத்திரண்டு வருஷம் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். டிஸ்க்கின் கடைசிப் பத்து ஜிபியில், ஆறு வருஷம் தெருத் தெருவாக நடந்து அவர் வரைந்த நகர வரைபடம் இருந்தது. அதைத் தொடாமல் மீதியை மட்டும் ஒரே பகுதியாக்க நினைத்து, மருமகள் எழுதிய கையேட்டில் உள்ளபடியே கட்டளையின் முடிவில் ‘-10’, அதாவது கோடியில் பத்து ஜிபியை விட்டுவிட்டு நிறுத்து என்று அடித்தார். மென்பொருள் மொத்த டிஸ்க்கையும் வளைத்துப் போட்டது. வரைபடத்தைக் காணோம்.

மனுஷர் அடுத்த அறையில் இருந்தவளைக் கூப்பிடவில்லை. முறைப்படி அந்த மென்பொருளின் இணையதளத்தில் புகார் பதிந்தார். அவளும் முறைப்படி ‘பயனரின் தவறு’ என்று எழுதி மூடிவிட்டாள். நிலத்தை அளந்தே தலை நரைத்தவரிடம் எல்லை போடத் தெரியவில்லை என்றால் சும்மா இருப்பாரா? கணினியை அணைத்துத் துண்டைப் போட்டு மூடியவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

பத்தாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. காலி டிஸ்க் ஒன்றோடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க அடிச்சதையே அடிக்கிறேன் மாமா. எங்க தப்புன்னு நீங்களே பாருங்க.”

அடித்தாள். பத்து ஜிபியை விடாமல் அந்த டிஸ்க்கையும் மென்பொருள் முழுசாக வளைத்துப் போட்டது. மாமனார் தொண்டையை மட்டும் செருமினார். அவள் மானம் போக அது போதாதா!

மருமகள் நிரலைத் திறந்தாள். முன்னால் இருந்த கழித்தல் குறியைக் கண்டதும், இது எண் இல்லை, ஏதோ ஆப்ஷன் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியொரு ஆப்ஷன் பட்டியலில் இல்லாததால் வாய் திறக்காமல் தூக்கி எறிந்திருக்கிறது. எங்கே முடிப்பது என்று சொல்லாவிட்டால் டிஸ்க்கின் கோடிவரை போ என்று எழுதி வைத்த புண்ணியவதியும் இவளேதான். குறிக்குப் பின்னால் எண் வந்தால் எண்ணாகவே படி, தெரியாததைக் கண்டால் நின்று கேள் என்று நான்கு வரி சேர்த்தாள்.

பிறகு துண்டை எடுத்துவிட்டு, அவருடைய டிஸ்க்கில் பழைய எல்லையைப் போட்டாள். வரைபடம் அப்படியே இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு எதையும் தொடாததால் அதன்மேல் ஒன்றும் எழுதப்படவில்லை. வீம்புக்கும் ஒரு பலன் உண்டு போலிருக்கிறது.

“மன்னிச்சிருங்க மாமா. மேப் வந்துருச்சு.”

“அது இருக்கட்டும். அந்தப் புகார்ல என்ன எழுதியிருக்கு?”

அவள் பழையதை அழித்துவிட்டு எழுதினாள்: ‘பயனர் சரியாகவே அளந்தார். தவறு என்னுடையது.’

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“ரிட்டயர் ஆனதுக்கப்புறம், நான் செஞ்சது சரின்னு எழுத்துல குடுத்த மொத ஆளு நீதாம்மா” என்றார்.