கீழே விழுந்த மண்

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டியிருந்த திராட்சை மேடைகளில், மூன்றாம் மேடையின் தாங்குசுவர் நவம்பர் மழையில் நடுவே வெடித்தது. அதற்குப் பின்னால் இருந்த மண் கீழ் மேடையில் சரிந்து குவிந்தது. மூன்றாம் மேடை இனெஸ் வீட்டாருடையது; கீழ் மேடை தொமெனிக்காவுடையது. தொமெனிக்கா இனெஸுக்கு மூத்த ஓரகத்தி; இனெஸின் கணவன் ஃபெர்மோவுக்கு அண்ணி. அண்ணன் இறந்து, சரிவின் மேடைகளைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, இரு வீடுகளுக்கும் இடையே தேவையான பேச்சு மட்டுமே எஞ்சியிருந்தது.

சுவரை ஃபெர்மோ குளிர்காலம் முழுவதும் கட்டினான். நீர் கசிந்து வெளியேற வேண்டும் என்பதால் சிமெண்ட் கிடையாது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்துகிற முகத்தைக் கண்டுபிடித்து அடுக்க வேண்டும். சுவர் எழுந்தபோது பிப்ரவரி முடிந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் மண்.

அந்தச் சரிவில் மண் ஆண்டுதோறும் சிறிது இறங்கும். அதை முதுகுக்கூடையில் அள்ளி மீண்டும் மேலே கொட்டுவார்கள். கொடிகளைக் கவாத்து செய்வது போல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். ஆனால் எல்லை தாண்டி விழுந்த மண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மார்ச்சில் வரும் புனித யோசேப்பு திருநாளின் மாலை மணி அடிக்கும் வரை, மேலே உள்ளவர் தம் மண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கீழே உள்ளவர் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் உரிமை கோருவதாகப் பொருள். மணி அடித்துவிட்டால் மிச்சம் கீழே உள்ளவருக்குச் சொந்தம்.

மண் சுமக்கத் தொடங்கிய முதல் நாள் காலை, தொமெனிக்கா மண்வெட்டியுடன் வந்தாள்.

"அண்ணி வர்றாங்க" என்றான் ஃபெர்மோ.

இனெஸ் நிமிர்ந்தாள். "அக்கா! அதைக் கீழ வை!"

"எதுக்குடி கத்துற? ரெண்டு கூடை ரொப்பித் தரலாம்னு வந்தேன்."

"ரொப்புவ. நாளைக்கு, 'நான் தொட்டாச்சு, மண்ணு என்னுது'ன்னு நிப்ப. ஊர் வழக்கம் எனக்கும் தெரியும்."

தொமெனிக்கா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "சரி. ஒரு பிடிகூடத் தொடல. போதுமா?"

அன்று முதல், மதியத்தில் ஏரிப்பக்கக் காற்று கிளம்பும் நேரத்தில், அவள் தன் மேடையின் ஓரத்துக் கல்லில் வந்து உட்காருவாள். மடியில் உலர்ந்த செஸ்ட்நட் கொட்டைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி, ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஃபெர்மோ, கழுதைகூட நடுவுல நின்னு மூச்சு வாங்கும்ப்பா."

"கழுதைக்குப் பொண்டாட்டி இல்லையே, அண்ணி."

"ரெண்டு பேரும் பேச்சைக் குறைங்க" என்றாள் இனெஸ். "மூச்சு மிச்சமாகும்."

'மண்ணெல்லாம் தன்னுதாகிறதுக்குக் காத்திருக்கா' என்று அவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நினைப்பு மட்டுமே அவளைச் சில சமயம் அடுத்த படிக்கு ஏற்றியது. படிகள் என்பவை சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்களே. கூடையின் தோல்வார் ஒரே இடத்தில் அழுத்தி, தோள் புண்ணாகி, புண் காய்ந்து, மறுபடி புண்ணாயிற்று.

வேறு மண் போடலாம் என்று மகன் லீவியோ சொன்னான். ஆற்றங்கரை மண்ணை ஹெலிகாப்டரில் ஏற்றிவந்து கொட்டுகிறார்களாம்.

"தெற்கு மூலையில போட்டோமே, மறந்துட்டியா?" என்றாள் இனெஸ். "இலை மட்டும் முட்டைக்கோசு மாதிரி வந்துச்சு. சாறு தண்ணி. மழையில ஊறி ஊறிச் சுவரைத் தள்ளிச்சு."

லீவியோ வாதாடவில்லை. அந்த வீட்டின் நிலவறையில் இருந்த எல்லாப் பீப்பாய்களிலும் மூன்றாம் மேடையின் மது ஒரு பங்கு கலந்திருப்பது அவனுக்கும் தெரியும். பாறை நொறுங்கி மணலான அந்த மண் முழங்கால் ஆழம்கூட இல்லை. பகலில் கற்கள் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் பனிமலையிலிருந்து குளிர் இறங்கும். அங்கே விளையும் கரிய சிறு திராட்சையின் மது முதல் ஆண்டில் நாக்கைப் பிடித்து இழுக்கும். பிற மேடைகளின் மதுவை நிமிர்த்தி நிற்க வைப்பதும் அதுதான். அது இல்லாவிட்டால், அவர்களுடைய மதுவைச் சமவெளிக்காரர்களின் மதுவிலிருந்து பிரித்தறிய முடியாது. இப்போது அந்தக் கொடிகளின் வேர்கள் வெளியே தெரிய, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். துளிர் விடுவதற்குள் மண் வந்து சேராவிட்டால் அவை பட்டுப்போகும்.

மாலையில் யாருக்கும் பேசத் தெம்பில்லை. ஃபெர்மோ சூப் கிண்ணத்தின் முன் கரண்டியைப் பிடித்தபடியே உறங்கிவிடுவான். இனெஸ் கரண்டியை அவன் கையிலிருந்து எடுத்துக் கழுவி, அதன் இடத்தில் வைத்த பிறகுதான் அவனை எழுப்புவாள்.

திருநாளுக்கு முன்தினம் அவனுடைய முழங்கால் மடங்கிவிட்டது. கூடையோடு படியில் உட்கார்ந்தான், எழ முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம்தானே" என்றான்.

"கொஞ்சம் இல்ல. மூணுல ஒரு பங்கு கெடக்கு. நீ வீட்டுக்குப் போ."

திருநாளன்று வேலை செய்வது தவறு. ஆனால் மண் சுமப்பவர்களைப் பாதிரியார் பார்க்காதவர் போலப் போய்விடுவார். லீவியோ தந்தையை மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தான். இனெஸ் தனியாக ஏறினாள். பாதிக் கூடை, பிறகு கால் கூடை. மாலை மணி அடித்தபோது குவியல் அவள் இடுப்பளவு இருந்தது.

அவள் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

தொமெனிக்கா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"மணி அடிச்சாச்சு. இப்ப இது என்னுதுதானே?"

"உன்னுதுதான்."

"சாட்சிக்கு யாரையாச்சும் கூப்பிடணுமா?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இனெஸ் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

மறுநாள் காலையில், இருக்கிற மண்ணையாவது எல்லா வேர்களுக்கும் பகிர்ந்து போட்டு மூடலாம் என்று அவள் மூன்றாம் மேடைக்கு வந்தாள். சுவருக்குக் கீழே யாரோ இரைக்க இரைக்க மூச்சு விடுவது கேட்டது. முதலில் கூடையின் விளிம்பு தெரிந்தது. பிறகு தொமெனிக்காவின் சிவந்த முகம். அவள் இனெஸைத் தாண்டி நடந்து, கூடையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மண்ணைக் கொடியின் அடியில் கொட்டினாள். அங்கே ஏற்கெனவே ஈரம் காயாத சில குவியல்கள் கிடந்தன.

"அக்கா, என்ன பண்ற?"

"பாத்தா தெரியல? என் மண்ணு. எனக்கு இஷ்டமான எடத்துல கொட்டுறேன்."

இனெஸ் அடுத்த கொடியின் மேல் கிடந்த சாக்கை விலக்கினாள்.

"உனக்காகன்னு நெனைச்சுக்காத. கொடி செத்துப்போச்சுன்னா இந்த மேடைய நீங்க விட்டுருவீங்க. யாரும் பாக்காத சுவரு எத்தனை மழைக்கு நிக்கும்? என் தலையிலதான் வரும்." தொமெனிக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "மொத நாளே விட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். தெனமும் உக்காந்து பாத்தே எனக்கு இடுப்பு போச்சு."

கீழே இன்னும் நிறைய மண் கிடந்தது. அடுத்த மழைக்காலத்தில் அதில் கொஞ்சம் மறுபடியும் இறங்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் தொடலாமா?" என்றாள் இனெஸ்.

"கேட்டுட்டல்ல, தொடு. ஆனா என் கூடைய ரொம்ப ரொப்பாத. எனக்கு மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போக மகன் கெடையாது."

இனெஸ் தன் கூடையை முதுகில் மாட்டினாள். வார் பழைய புண்ணின் மேலேயே போய் உட்கார்ந்தது. அதைச் சிறிது நகர்த்திவிட்டு, ஓரகத்திக்குப் பின்னால் படி இறங்கினாள்.